பத்திலிருந்து ஒன்றுவரை: பத்து சோல், பாப் பாட்டுகளும் அவற்றில் எந்தப் பதிவைக் கேட்பது என்பதும்

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த சோல் வகைப் பாட்டு ஒன்றைப் பரிந்துரைக்கும்போது பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பதிவு என்றும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலியில் ஒரு பழைய பாட்டைத் தேடினால் ஏழெட்டு வந்து நிற்கும். ஒன்று 1966இல் வந்த அசல் மோனோ, எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வருவது. இன்னொன்று அதே நாடாவிலிருந்து எடுத்த ஸ்டீரியோ, ஒலியை இரண்டு காதுக்கும் பிரித்துத் தருவது. மூன்றாவது, அதே பாடகர் பத்திருபது ஆண்டு கழித்து வேறு கம்பெனிக்காக, வேறு வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி பாடியது. பெயர் ஒன்று, அட்டைப்படமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் பாட்டு வேறு. முதல் தடவை தவறான பதிவைக் கேட்டுவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய. அதனால் இந்தப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டோடும் எதைத் தேடி எடுப்பது, எதைத் தவிர்ப்பது, காதை எங்கே வைப்பது என்பதும் சேர்ந்தே வருகிறது.

முதலில் கருவி. இந்தப் பாட்டுகள் அனைத்துக்கும் அடித்தளம் பேஸ் கிடார்தான். அதன் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கர் அந்த அதிர்வைத் தரவே தராது. நாம் கேட்பது மேல் அதிர்வுகளின் நிழலை மட்டும்தான். சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும், விலை கூடியது தேவையில்லை. ஈக்குவலைசரில் 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கிக் டிரம்மையும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கிடாரையும் ஒரே சேறாகக் குழப்பிவிடும். இந்த இசையின் நயமோ அந்த இரண்டும் தனித்தனியாக நின்று ஒன்றையொன்று தொட்டுப் போவதில்தான் இருக்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடாரை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பழகிய காதுக்கு இது புதிதல்ல, அதே பழக்கத்தை இங்கும் கொண்டுவந்தால் போதும்.

அறுபதுகளின் ஸ்டீரியோ சிலவற்றில் குரல் ஒரு காதிலும் தாளம் மறு காதிலும் பிரிந்து கிடக்கும். அப்படி வந்தால் 'மோனோ' என்று குறித்த பதிவைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளலாம். அசல் மோனோ கலவைக்கு, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்த்த இறுதி வடிவத்துக்கு, அது ஈடாகாது, வாத்தியங்களின் அளவு வேறாகத்தான் வரும். ஆனாலும் பாடகரை ஒரு மூலையில் நிறுத்திக் கேட்பதைவிட நல்லது.

பத்தாவது இடம், பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய "வென் எ மேன் லவ்ஸ் எ உமன்". 1966, அட்லாண்டிக் கம்பெனி வெளியீடு. அலபாமா மாநிலத்தில் ஷெஃபீல்ட் என்ற சிற்றூரில் க்வின் ஐவி நடத்திய சின்ன ஸ்டூடியோவில் பதிவானது. அதற்கு முன் ஸ்லெட்ஜ் ஒரு மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தவர். ஸ்பூனர் ஓல்டம் வாசிக்கும் ஃபார்ஃபிசா ஆர்கன் கோயில் மணியைப் போல மெதுவாக விரிய, பேஸ் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தின் மேல் குரல் ஏறிக்கொண்டே போகிறது. பாட்டு முழுக்க இந்த ஒரே இழுபறிதான்.

இதில் தேட வேண்டிய அடையாளம் ஒரு பிழை. கடைசிப் பகுதியில் சேரும் ஹார்ன்ஸ், அதாவது ட்ரம்பெட் போன்ற ஊதுகருவிகள், சுருதி விலகி ஒலிக்கும். அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் அதைக் கவனித்துத் திருத்தச் சொன்னார். அவர்களும் ஹார்ன்ஸை மறுபடி வாசித்துப் பதிந்தார்கள். ஆனால் அச்சுக்குப் போனது பழைய நாடா. அதுதான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆகவே முடிவில் ட்ரம்பெட் கொஞ்சம் கரகரத்து சுருதிக்கு வெளியே நின்றால் உங்கள் கையில் இருப்பது அசல். எல்லாம் வழவழவென்று சுத்தமாக இருந்து குரலும் முதிர்ந்து கேட்டால் அது பின்னாளில் மறுபடி பாடியது. 'ரீ-ரெக்கார்டட்' என்ற சொல் சின்ன எழுத்தில் எங்காவது இருக்கும், பாருங்கள். செயலியில் காட்டும் ஆண்டை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது தொகுப்பு வெளியான ஆண்டு, பாட்டு பதிவான ஆண்டல்ல.

ஒன்பது, ஸ்டீவி ஒண்டரின் "சூப்பர்ஸ்டிஷன்", 1972. தொடக்கத்து டிரம்ஸை வாசிப்பதும் அவரே. பிறகு வரும் அந்தச் சுரண்டும் ஒலி ஹோனர் கிளாவினெட். கிடார் என்று நினைத்துக் கேட்டவர்கள் பலர். பார்வைக்குக் கீபோர்டாக இருந்தாலும் உள்ளே தந்திகள் உண்டு. கட்டையை அழுத்தினால் ரப்பர் முனை ஒன்று தந்தியை அடியில் உள்ள தகட்டோடு சேர்த்து அழுத்துகிறது, பிக்அப் அந்த ஓசையை எடுத்துக்கொள்கிறது. விரலை எடுத்த கணமே ஒலி நின்றுவிடும். அதனால்தான் இவ்வளவு கறாரான தாளம். ஹெட்ஃபோனில் கேட்டால் கிளாவினெட் ஒன்றல்ல, பல அடுக்குகள் இடமும் வலமுமாக ஒன்றுக்கொன்று பதில் சொல்வது தெரியும். பாட்டு ஈ ஃப்ளாட் மைனர் என்பதால் கை பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடுகிறது. இதற்கு மோனோ வேண்டாம், ஸ்டீரியோதான்.

எட்டாவது பாட்டு இரண்டு நிமிடம்தான் ஓடும். பில் விதர்ஸின் "எய்ன்ட் நோ சன்ஷைன்", 1971. முன்னிசை கிடையாது. முதல் தட்டிலேயே குரல் வந்துவிடும், பக்கத்தில் ஒரு கிடார் மட்டும். நடுவில் "ஐ நோ" என்று 26 தடவை திரும்பச் சொல்கிறார். அந்த இடத்துக்கு வேறு வரி எழுதுவதாகத்தான் இருந்தது. உடன் இருந்த இசைக்கலைஞர்கள் அப்படியே விடச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே கேட்காமல் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கேளுங்கள். வாத்தியம் எல்லாம் விலகி நிற்க, டிரம்ஸும் அந்த இரண்டு சொல்லும் மட்டும் சுழலும். பிறகு ஸ்ட்ரிங்ஸ் திரும்பி வரும்போது ஏற்கெனவே இருந்த அறையில் விளக்கு போட்டது போல இருக்கும். தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், கிடாரில் ஸ்டீபன் ஸ்டில்ஸும் உண்டு. முதலில் இது சிங்கிள் தட்டின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டின், பின்பக்கத்தில் வந்த பாட்டு. முன்பக்கத்தில் இருந்தது "ஹார்லெம்". வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள்.

அப்போது விதர்ஸ் விமானத்துக்குக் கழிப்பறைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலையில் இருந்தவர். ஆல்பம் அட்டையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். அந்தக் குரலில் அலங்காரம் இல்லாததற்கு இதைக் காரணமாகச் சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. அலங்காரம் வேண்டாம் என்று முடிவெடுத்துப் பாடுகிறவரின் குரல் அது.

ஏழு: மைக்கேல் ஜாக்சனின் "பில்லி ஜீன்". 1982 நவம்பரில் வந்த 'த்ரில்லர்' ஆல்பத்தில் இருப்பது. சிங்கிளாக 1983 ஜனவரியில் வந்தது. சோல் பட்டியலில் இது எதற்கு என்று கேட்பவர்கள் முதல் சில நொடிகளை மட்டும் கேட்டால் போதும். வெறும் டிரம்ஸ், பிறகு பேஸ், பிறகு நான்கு கார்ட்ஸ் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது). டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைக் கம்பெனி கற்றுக்கொடுத்த பாடம் அப்படியே இருக்கிறது: தரை முதலில், வீடு பிறகு.

இந்த டிரம்ஸ் ஒலி எப்படி வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டியது. வாசித்தவர் லியோன் 'என்டூகு' சான்சலர். ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன், டிரம் செட்டை வைக்கத் தனியாக ஒரு பிளைவுட் மேடை செய்தார். கிக் டிரம்முக்கு ஜிப் வைத்த உறை ஒன்று தைக்கச் செய்து, மைக்கை அதற்குள் நுழைத்து மூடினார். ஸ்னேர் என்ற சின்ன டிரம்முக்கும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்துக்கும் நடுவே தடுப்புப் பலகை வைத்தார். ஒரு தட்டின் ஓசை இன்னொன்றின் மைக்கில் கசியாமல் இருக்கத்தான் இவ்வளவும். அதனால்தான் ஒவ்வொரு அடியும் கத்தரித்து வைத்தது போல நிற்கிறது. லூயிஸ் ஜான்சனின் பேஸ் கிடார் அதன் இடைவெளிகளில் நடக்கிறது. பின்னணியில் சில இடங்களில் ஜாக்சன் நீளமான அட்டைக் குழாய் வழியாகப் பாடியிருக்கிறார். குரல் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுவது போல வரும் இடங்கள் அவை.

ஸ்வீடியன் இந்தப் பாட்டை 91 தடவை கலவை செய்தார். கடைசியில் எடுத்துக்கொண்டது இரண்டாவது கலவையை. பதிவு தேடுகிறவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. பின்னாளில் ஒலியைச் சீரமைத்து மறுபடி வெளியிட்ட ரிமாஸ்டர்கள் பலவற்றில் மொத்த ஓசையும் தூக்கிவிடப்பட்டிருக்கும். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் குறைந்து, அந்த ஸ்னேர் அடி சுவரில் ஒட்டிய படமாகிவிடும். பழைய சிடி அல்லது முதல்கால எல்பி கிடைத்தால் அதைப் போட்டு ஒலியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். இரண்டையும் ஒப்பிடும்போது காதுக்கு ஒரே சத்தமாக வரும்படி வைப்பது முக்கியம். சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பது போல முதல் நொடியில் காது ஏமாறும்.

ஆறாவது இடத்துக்கு மெம்ஃபிஸ் நகரத்துக்குப் போக வேண்டும். ஆல் கிரீன், "லெட்ஸ் ஸ்டே டுகெதர்", 1971. ராயல் ஸ்டூடியோ ஒரு காலத்தில் சினிமா கொட்டகை. திரைப் பக்கம் சரிந்து இறங்கும் தரையை அப்படியே விட்டுவிட்டுத்தான் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் வில்லி மிட்சல் கிரீனிடம் கேட்டது ஒன்றுதான்: சத்தத்தைக் குறை. அந்தக் குரல் உரக்கப் போகத் தெரிந்த குரல். அது போகாமல் நிற்பதுதான் பாட்டு. டிரம்ஸில் ஆல் ஜாக்சன் ஜூனியர். பாட்டை எழுதிய மூவரில் அவரும் ஒருவர், மற்ற இருவர் கிரீனும் மிட்சலும். ஸ்னேர் அடி இங்கே 'டக்' என்று வெடிக்காது, கம்பளி போர்த்திய மாதிரி 'தப்' என்று விழும். பேஸும் ஆர்கனும் கிடாரும் வாசிப்பவர்கள் ஹாட்ஜஸ் சகோதரர்கள் மூவர், லீராய், சார்ல்ஸ், டீனி. இந்தப் பாட்டைத் தாழ்ந்த ஒலியில் கேட்க வேண்டும். உரக்க வைத்தால் மிட்சல் செய்த வேலையை நாமே கெடுத்தவர்கள் ஆவோம்.

ஐந்தாவது, டெம்ப்டேஷன்ஸ் குழுவின் "மை கேர்ள்". 1964 கடைசியில் வெளியாகி, 1965 மார்ச்சில் அமெரிக்காவில் முதலிடம் வந்தது. எழுதித் தயாரித்தவர்கள் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் வைட்டும். முன்னால் நின்று பாடுபவர் டேவிட் ரஃபின்.

டெட்ராய்ட்டில் மேற்கு கிராண்ட் புலவார், 2648ஆம் எண் வீடு. அதன் பின்கட்டுதான் மோட்டவுனின் ஸ்டூடியோ. பாட்டு தொடங்கும்போது ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் மட்டும் தனியாக வருகிறது. அவசரமே இல்லாத நடை. அதன் மேல் ராபர்ட் வைட்டின் கிடார் ஆறு ஸ்வரம் ஏறுகிறது. கவனித்துக் கேட்டால் அது ச ரி க ப த ச, நம் காதுக்கு மோகனத்தின் ஆரோகணமேதான். கார்ட் மாறியதும் அதே ஏற்றம் அடுத்த இடத்திலிருந்து அப்படியே திரும்ப வருகிறது. கையில் கிடார் இருந்தால் சி-யிலிருந்து ஒரு தடவை, எஃப்-இலிருந்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். பாட்டின் எலும்பு பாதி கைக்கு வந்துவிடும். இடையிசைக்குப் பிறகு ஸ்கேல் சி-யிலிருந்து டி-க்கு ஒரு படி ஏறுகிறது. ஸ்ட்ரிங்ஸ் அந்த ஏற்றத்தைக் கைபிடித்து நடத்திப்போவதால் பலருக்கு ஏறியதே தெரிவதில்லை.

இதற்கு மோனோ பதிவுதான். மோட்டவுனில் கலவையைச் சரிபார்க்கக் கார் ரேடியோவை ஒத்த சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். பாட்டைக் கேட்கப்போகும் பிள்ளைகள் காரில்தான் கேட்பார்கள் என்பது கணக்கு. அந்தக் கணக்குக்காகச் செய்தது மோனோ. அன்று உழைப்பு முழுதும் போனது அதில்தான். ஸ்டீரியோவில் குரல்களும் வாத்தியங்களும் விலகி நிற்கும்போது, ரஃபினுக்குப் பின்னால் மற்ற நால்வரும் தோளோடு தோள் உரசி நிற்கும் நெருக்கம் போய்விடுகிறது.

நான்காவது, ஓட்டிஸ் ரெடிங்கின் "டாக் ஆஃப் த பே". மறுபடியும் மெம்ஃபிஸ், மறுபடியும் ஒரு பழைய சினிமா கொட்டகை. இது ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ, இங்கும் தரை சரிவுதான். பாட்டைப் பதிந்தது 1967 நவம்பர், டிசம்பர். டிசம்பர் 10ஆம் தேதி விஸ்கான்சினில் மனோனா ஏரியில் விமானம் விழுந்து ரெடிங் இறந்தார், வயது 26. கூட எழுதிய கிடார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர்தான் அதன்பின் உட்கார்ந்து கலவையை முடித்தார். அலையோசையையும் கடல்பறவைக் குரலையும் சேர்த்தவர் அவரே. 1968 ஜனவரியில் வெளியானது. பாடியவர் இறந்தபின் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டு இது.

சரணத்தின் கார்ட்ஸைப் பாருங்கள்: ஜி, பி, சி, ஏ. நான்கும் மேஜர். தனிமையைச் சொல்லும் பாட்டுக்கு மைனர் போடுவதுதான் வழக்கம், பி-யும் ஏ-யும் மைனராக வந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிடாரில் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பழக்கத்தில் பி மைனருக்குக் கை போய்விடும், போனதும் பாட்டு சாதாரண சோகப் பாட்டாகிவிடும். மேஜராகவே வைத்தால்தான் வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், நடுவில் ஒருவர் மட்டும் போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். டக் டன்னின் பேஸ் அலை ஒதுங்குவது போலப் பின்வாங்கிப் பின்வாங்கி வருகிறது. முடிவில் விசில். ஒத்திகை டேக்குகளும் பின்னாளில் வெளிவந்திருக்கின்றன. அவற்றைக் கேட்பதென்றால் அசலை நன்றாகக் கேட்டுப் பழகிய பிறகு கேளுங்கள்.

மூன்றாவதும் ரெடிங்கிடமிருந்தே தொடங்குகிறது. "ரெஸ்பெக்ட்" அவர் எழுதி 1965இல் பாடியது. வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கிற பாட்டு. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் அட்லாண்டிக் ஸ்டூடியோவில் அரீதா ஃபிராங்க்ளின் அதை எடுத்துப் பாடியதும் கேட்கிறவர் மாறிவிட்டார். சொல்லும் அதிகம் மாறவில்லை, ஆனால் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மாறியது. ஆர்-ஈ-எஸ்-பி-ஈ-சி-டி என்று எழுத்துக் கூட்டும் இடம் ரெடிங்கின் பாட்டில் இல்லவே இல்லை. பின்னணியில் பாடும் தங்கை கேரலின், அக்கா எர்மா இருவரும் படபடவென்று அடுக்கும் சொற்களும் அதில் கிடையாது. இடையிசையும் கிடையாது. இங்கே கிங் கர்டிஸின் சாக்ஸபோனுக்காக சாம் அண்ட் டேவ் என்ற இருவர் குழுவின் பாட்டு ஒன்றின் கார்ட்ஸைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். பாட்டின் ஸ்கேலிலிருந்து அது வெகுதூரம் தள்ளிய இடம். அங்கே தாவிப் போய்த் திரும்பி இறங்கும்போதுதான் பல்லவி இன்னும் கனமாக வந்து விழுகிறது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதுதான் சரியான முறை. முதலில் ரெடிங், பிறகு அரீதா. பியானோ வாசிப்பதும் அரீதா என்பதை நினைவில் வையுங்கள். குரலும் இடது கையும் ஒரே ஆளுடையது என்பதால் தாளத்தை அவரால் இழுக்கவும் தள்ளவும் முடிகிறது. இதற்கும் மோனோ சிங்கிள்தான் நல்லது. ரோஜர் ஹாக்கின்ஸின் டிரம்ஸும் டாமி காக்பில்லின் பேஸும் ஒரே முஷ்டியாக வரும். கிளாடிஸ் நைட்டின் "மிட்நைட் ட்ரெயின் டு ஜார்ஜியா" இந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றது எனக்கு வருத்தம்தான். பின்பாட்டுக்காரர்கள் வெறும் எதிரொலியாக இல்லாமல் கதையில் பாத்திரங்களாக வருவதை ரசிப்பவர்கள் "ரெஸ்பெக்ட்"டுக்கு அடுத்ததாக அதைப் போடலாம்.

இரண்டாவது, மார்வின் கேயின் "வாட்ஸ் கோயிங் ஆன்". சிங்கிள் 1971 ஜனவரி, ஆல்பம் அதே ஆண்டு மே. பாட்டின் விதை ஃபோர் டாப்ஸ் குழுவின் ரெனால்டோ பென்சனுடையது. 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மக்கள் பூங்கா போராட்டத்தில் போலீஸ் இளைஞர்களை அடிப்பதைப் பார்த்தார். ஆல் கிளீவ்லண்டோடு சேர்ந்து எழுதத் தொடங்கினார். கே அதை எடுத்துத் தன்னுடையதாக்கினார். மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டிக்கு இதை வெளியிடவே விருப்பமில்லை.

இந்தப் பாட்டின் மூன்று பெரிய அழகுகளில் இரண்டு திட்டமிட்டு வந்தவையல்ல. முதல் சாக்ஸபோன் வரி: ஈலை ஃபோன்டெய்ன் வாசிக்கத் தொடங்குவதற்கு முன் விரலைச் சூடேற்றிக்கொள்ள ஊதிப் பார்த்தது. அதுவே போதும் என்று கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாவது, இரட்டைக் குரல். கே இரண்டு விதமாகப் பாடி, எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பதற்காக இரண்டையும் நாடாவில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். ஒலிப்பதிவாளர் கென் சாண்ட்ஸ் தவறுதலாக இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். கேட்ட கே இரண்டையும் வைத்துக்கொண்டார். ஹெட்ஃபோனில் ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, மற்றதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கேளுங்கள். ஒருவர் சொல்கிறார், அவரே அதைக் கேட்டுத் தலையசைக்கிறார் என்பது போல இருக்கும். தொடக்கத்தில் கேட்கும் விருந்துப் பேச்சில் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மெல் ஃபாரும் லெம் பார்னியும் இருக்கிறார்கள்.

மூன்றாவது அழகு ஜேமர்சன். அவர் ஃபென்டர் பிரிசிஷன் பேஸை வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் மீட்டுவார். வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் தந்தி, அதையும் மாற்றவே மாட்டார். தந்திக்கடியில் ஸ்பாஞ்ச் வைத்திருக்கும், அதனால் ஒலி நீளாமல் உருண்டு நிற்கும். இன்றைக்கு அந்தத் தொனியை விரும்பும் பேஸ் வாசிப்பவர்கள் செய்ய வேண்டியதும் இதுதான்: ஃப்ளாட்வூண்ட் தந்தி, பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு, டோன் குமிழைக் குறைத்தல். புதுத் தந்தியின் மினுக்கம் இருந்தால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அந்த ஒலி வராது. இந்தப் பாட்டின் பதிவுக்கு அவரை ஒரு மதுக்கடையிலிருந்து தேடி அழைத்து வந்தார்கள் என்றும், உட்கார முடியாமல் தரையில் படுத்தபடி வாசித்தார் என்றும் சொல்வார்கள். எப்படி வாசித்திருந்தாலும் சரி, பேஸ் இங்கே பாடுகிறது. இத்தனை ஆண்டு பெயரில்லாமல் வாசித்த மோட்டவுன் கலைஞர்களின் பெயர் முதல்முறையாக அட்டையில் வந்தது இந்த ஆல்பத்தில்தான்.

பதிவு விஷயம்: தனிப் பாட்டாகக் கேட்பதென்றால் மோனோ சிங்கிள். ஆல்பத்தில் இருப்பது ஸ்டீரியோ, அது முடியாமல் அடுத்த பாட்டுக்குள் கரைந்து போகும். தனியாகக் கேட்டால் வெட்டியது போல நிற்கும். ஆல்பமாகவே கேட்கும்போது செயலியில் 'ஷஃபிள்' அணைந்திருக்கட்டும், பாட்டுகளை இடைவெளியில்லாமல் ஓட்டும் 'கேப்லெஸ்' இயங்கட்டும். பாட்டுகளுக்கிடையே அரை நொடி மௌனம் விழுந்தாலும் டேவிட் வான் டீபிட் அமைத்த ஸ்ட்ரிங்ஸ் அறுந்துவிடும். 2001இல் வந்த டீலக்ஸ் பதிப்பில் முதலில் டெட்ராய்ட்டில் செய்த கலவை இருக்கிறது. அதில் எல்லாமே இன்னும் வறண்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒலிக்கிறது. தாளத்தைப் படிக்க அதுவே சிறந்தது.

முதலிடம் சாம் குக்கின் "எ சேஞ்ச் இஸ் கோனா கம்". 1963 அக்டோபரில் லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில் ஹாலிடே இன் விடுதியில் முன்பதிவு செய்திருந்தும் அவருக்கும் மனைவிக்கும் அறை தர மறுத்தார்கள். கறுப்பர்கள் என்பதே காரணம். அவர் சத்தம்போட்டார், கைதானது அவர்தான். சில மாதங்களில் இந்தப் பாட்டு வந்தது. 1964 ஜனவரியில் ஹாலிவுட்டில் ஆர்சிஏ ஸ்டூடியோவில் பதிந்தார்கள். வாத்திய அமைப்பு ரெனே ஹால். ஒவ்வொரு சரணத்தையும் அவர் தனி அத்தியாயமாகவே எழுதினார். முதல் சரணத்தை ஸ்ட்ரிங்ஸ் தாங்குகிறது, அடுத்ததை ஹார்ன்ஸ், சகோதரனிடம் போய் உதவி கேட்கும் பகுதியைத் டிம்பனி. தூரத்தில் கேட்கும் ஃபிரெஞ்ச் ஹார்னுக்குக் காதைக் கொடுங்கள். பாடகருக்கு யாரும் பதில் சொல்லாத இடங்களில் அது மட்டும் பதில் சொல்கிறது.

பிப்ரவரி 7 அன்று 'டுநைட் ஷோ' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைப் பாடினார். அந்த நாடாவை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து பீட்டில்ஸ் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்ற, ஊர் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. டிசம்பர் 11இல் குக் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த மாதக் கடைசியில்தான் இது சிங்கிளாக வந்தது, அதுவும் "ஷேக்" என்ற ஆட்டப் பாட்டின் பின்பக்கத்தில்.

இங்கேதான் பதிவைப் பார்த்து எடுப்பது மிக முக்கியம். அந்த சிங்கிளில் ஒரு சரணம் வெட்டப்பட்டது. சினிமாவுக்குப் போகிறேன், கடைத்தெருவுக்குப் போகிறேன், இங்கே நிற்காதே என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வரும் சரணம். பாட்டில் நிறவெறியை நேருக்கு நேர் தொடும் இடம் அதுதான், வானொலிக்குப் போன தட்டில் இல்லாமல் போனதும் அதுதான். சில தொகுப்புகளில் இன்றும் அந்த வெட்டிய பதிவே இருக்கிறது. சரிபார்க்க எளிய வழி, நீளத்தைப் பாருங்கள். முழுப்பாட்டு 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். 3 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு, 1964இல் வந்த 'எய்ன்ட் தட் குட் நியூஸ்' ஆல்பத்துக்குப் போங்கள்.

ஆற்றங்கரையில் பிறந்ததைச் சொல்லும் முதல் வரியிலிருந்து அந்தச் சரணம் வரை குக்கின் குரல் பெரிதாக ஏறுவதில்லை. சினிமா, கடைத்தெரு என்று சொல்லும்போதுகூடப் புகார் தொனி இல்லை, நடந்ததைச் சொல்கிறார். அடுத்து டிம்பனி உருண்டு, சகோதரன் முழங்காலில் தள்ளிவிடுகிறான் என்ற இடம் வரும்போதுதான் குரல் முதல்முறையாகக் கிழிகிறது. சரணத்தை வெட்டிய பதிவில் அந்தக் கிழிசல் காரணமில்லாமல் வந்தது போல இருக்கும். முழுப்பதிவில் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.